கலெக்டரிடம் போனவர் யார்?

ஐப்பசியில் ரெண்டு பாட்டம் மழை கொட்டிவிட்டால் வேடந்தாங்கல் விவசாயி ஏரிக்கரைக்குப் போய் நிற்பார். தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒரு பார்வை. நீர்க்கடம்பு மரத்தில் யார் யார் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்று இன்னொரு பார்வை. நத்தைகுத்தி நாரை வந்தாச்சா? நீர்க்காகம்? பாம்புத்தாரா? வக்கா? அவரிடம் பைனாகுலர் கிடையாது. ஆனால் அலகின் நடுவே சந்து விட்ட அந்த நாரை எதற்காக வயலில் இறங்குகிறது என்று கேளுங்கள். நத்தை பொறுக்கத்தான் என்று பட்டென்று சொல்வார்.

மார்கழி, தையில் கூடெல்லாம் குஞ்சுகளின் கூச்சல். பங்குனி வெயிலில் ஏரி வற்றத் தொடங்கும், மரங்களும் காலியாகும். அதற்குள் ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் தண்ணீரில் கரைந்து, தழைச்சத்தாக மதகு வழியே நெல்வயலுக்குப் போயிருக்கும். செலவில்லாத உரம்! உரக்கடைக்காரர்கள் யாராவது கூட்டத்தில் இருந்தால் மன்னிக்க வேண்டும்.

காரின் மேல் ஒரு சொட்டு எச்சம் விழுந்துவிட்டால் மரத்தையே வெட்டச் சொல்லி மனு எழுதுகிறவர்களும் இதே நாட்டில்தான் இருக்கிறார்கள். வேடந்தாங்கல்காரரும் ஒரு காலத்தில் மனுவோடு போனார். எதற்கு?

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பொழுது போகாமல் நாரைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஊர் திரண்டு கலெக்டரிடம் போனது. 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கே எழுதிக் கொடுத்தார். பறவையியல் அறிஞர் சலீம் அலி பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்னால்! கையெழுத்துப் போட்ட துரையின் பெயர் 200 வருஷம் தாண்டியும் நிற்கிறது. துப்பாக்கிக்காரன் ஆண்ட காலத்தில் திரண்ட ஊருக்கு முன்னால் போய் நின்று வாதாடினாரே ஒரு விவசாயி, அவர் பெயர்? வேடந்தாங்கல் கதையைச் சொல்கிற யார் வாயிலும் அது வருவதில்லை.

பறவைக்காக விட்டுக்கொடுக்கிற ஊர் வேடந்தாங்கல் மட்டும்தானா? சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போங்கள். கண்மாயில் கூடு கட்டிய பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடியே கிடையாது. புதுச்சட்டை போட்ட பிள்ளைகள் கையில் ஒரு ஓலை வெடிகூட இல்லாமல் நிற்கிறார்கள். வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுக்கிறது. இங்கே சில பேர் இயற்கை விழா என்று மேடை போட்டு, தலைவர் வந்து இறங்கியதும் ஆயிரம்வாலா கொளுத்துகிறார்கள். பெயர் வேண்டாம். கைதட்டுகிற வேகத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்திருக்கிறது!

வேடந்தாங்கலுக்கு வருவோம். ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்பது 1998-இல் வந்த அறிவிப்பு. 2020-இல் அந்த எல்லையைச் சுருக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. எதிர்ப்பும் கூடவே கிளம்பியது. யோசனை சொன்ன புத்திசாலிகள் ஒரு ஐப்பசியில் அந்தக் கரையில் நின்று பார்த்திருப்பார்களா? நாரை கிலோமீட்டர் கல்லைப் பார்த்தா இரை தேடும்? சுற்றுவட்டார ஏரியும் வயலும்தானே அதற்குச் சாப்பாட்டுக் கூடம்!

கோரிக்கை ஒன்றுதான். துரையின் பெயர் எழுதுகிற பலகையில், அதற்கு மேலே ஒரு வரியைக் காலியாக விடுங்கள். அது அந்த விவசாயிக்கு உரிய இடம்.