பயோடேட்டாவில் எதை முதலில் எழுதுவது?



சங்கச் செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிஷம். ஒரு கம்பெனியில் உங்கள் பயோடேட்டாவுக்கு முதல் பார்வையில் அரை நிமிஷம் கிடைத்தாலே பெரிசு. அதில் கண்ணில் படுவது என்ன? அப்பா பெயர், மதம், சாதி, உயரம்! கல்யாணத் தரகரிடம் கொடுக்கிற தாளுக்கும் இதற்கும் ஜாதகக் கட்டம் ஒன்றுதான் குறைச்சல். அரசு வேலைக்கு வயது, வகுப்பு எல்லாம் வேண்டும்தான். அதற்கு அவர்களே படிவம் வைத்திருக்கிறார்கள். தனியார் கம்பெனிக்கு, அவர்கள் கேட்டாலொழிய, எதற்கு?

தொடர்ந்து வேலையில் இருப்பவருக்குக் குழப்பமே இல்லை. இப்போதைய வேலையை முதலில் எழுதி, பின்னோக்கிப் போக வேண்டியதுதான். படிப்பை முடிக்கப் போகிற தம்பிகள் படிப்பையும் பிராஜெக்டையும் மேலே வையுங்கள். ‘குழுவாக உழைப்பேன்’ என்பதை யாரும் படிப்பதில்லை. பிராஜெக்டில் நீங்கள் உங்கள் கையால் செய்தது எது என்று எழுதுங்கள்.

சிக்கல், நடுவில் வேலையை விட்டவர்களுக்குத்தான். நம் செட்டிலேயே பிரசவத்துக்காக, மாமியார் படுக்கையில் விழுந்ததற்காக வேலையை விட்ட பெண்கள் எத்தனை பேர்! ஆண்டுகளைப் போடாமல் திறமைகளை மட்டும் அடுக்கச் சொல்லி இவர்களுக்குச் சிலர் யோசனை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேதி இல்லாத தாளைப் பார்த்தால், ஆள் எடுப்பவர் முதலில் தேடுவதே தேதியைத்தான். மேலே நாலு வரியில் தெரிந்த வேலையைச் சொல்லுங்கள். கீழே பார்த்த வேலைகளை ஆண்டோடு எழுதுங்கள். இடைவெளியையும் ‘2017–2022 குடும்பப் பொறுப்பு’ என்று ஒரு வரியில் போட்டுவிடுங்கள். அந்த ஆண்டுகளில் வீட்டுக்காரர் கடையின் ஜி.எஸ்.டி. கணக்கைப் பார்த்தீர்களா? அதுவும் வேலைதான் அம்மா, சம்பளம் வராவிட்டால் என்ன!

இன்னொன்று. பல பெரிய கம்பெனிகளில் மனுஷன் பார்ப்பதற்கு முன் கம்ப்யூட்டர் அந்தத் தாளைப் பிரித்துப் படிக்கிறது. இரண்டு பத்தி, கட்டம், படம் என்று அலங்கரித்தால் அது வரிசை மாற்றிப் படித்துவிடலாம். முழுவதையும் காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே குழம்பினால் டிசைனை மாற்றிவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதே ஹாலில் இருப்பேன். பயோடேட்டா வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், சேர்ந்து திருத்தலாம். மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் தோழிகள் முதலில் வரட்டும்.