மறைத்த நோயும் மறைந்த நோயும்



விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்படும் நம் குடும்பங்கள் சிலவற்றில், கொட்டிலில் நிற்கும் பசுவே இரண்டாவது சம்பளமாக விளங்குகிறது. அது நோயுற்றால் வீடே கலங்கும். இலாகாவுக்குத் தெரிந்தால் மாடு போய்விடுமோ என்று அஞ்சி நோயை மறைப்போரும் உண்டு. அவ்வச்சம் சரியானதா என்பதை ஒரு வரலாற்றின் வாயிலாக எண்ணிப் பார்ப்போம்.

மாட்டினத்தை வாட்டிய கொடிய நோய்களுள் ஒன்று வெக்கை நோய். காய்ச்சல் காணும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாய் புண்ணாகும், கழிச்சல் கண்டு சில நாட்களில் மாடு மடியும். 1880களின் இறுதியில் இந்நோய் எத்தியோப்பியாவில் பரவியபோது, உழுவதற்கு மாடின்றி நிலங்கள் தரிசாயின. மக்களும் பஞ்சத்தில் மாண்டனர்.

ஆராய்ச்சியாளர் அயராது உழைத்தனர். 1920களில் இந்தியாவின் முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில், எட்வர்ட்ஸ் என்பார் நோய்க்கிருமியை ஆடுகளில் வளர்த்து அதன் வீரியத்தைத் தணித்தார். பின்னர், 1960ஆம் ஆண்டையொட்டி, கென்யாவின் முகுகாவில் வால்டர் பிளவ்ரைட் குழுவினர், கன்றின் சிறுநீரக உயிரணுக்களில் அக்கிருமியை மீண்டும் மீண்டும் வளர்த்துத் தீங்கற்ற தடுப்பு மருந்தை உருவாக்கினர். ஒரே ஊசி, நெடுங்காலப் பாதுகாப்பு! ஆயினும் வெப்பத்தில் அம்மருந்து கெட்டுவிடும். பனிக்கட்டியின்றியே சில வாரங்கள் தாங்கும் மருந்து பின்னர் உருவானது.

மருந்து மட்டும் வென்றுவிடவில்லை. எம்மந்தையில் நோய் உள்ளது என்பதை மேய்ப்பர்களே அறிவர். அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். பயிற்சி பெற்றுத் தாங்களே ஊசியும் போட்டார்கள். 2001இல் கென்யாவில் இறுதியாகக் காணப்பட்ட இந்நோய், 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் முற்றாக ஒழித்த நோய் இதுவே.

ஆனால், கோமாரி நோய் இன்னும் ஒழியவில்லை. அதன் கிருமியில் பல வகைகள் உள்ளன. ஒரு வகைக்கான மருந்து மற்றொன்றைத் தடுப்பதில்லை. தடுப்பூசியின் பயனும் சில மாதங்களே. நலமடைந்த மாட்டின் தொண்டையிலும் கிருமி தங்கியிருக்கக் கூடும். ஆகவே இங்கு விழிப்பே முதல் மருந்து.

மாடு எச்சில் ஒழுக்கினாலோ, நொண்டினாலோ, வாயிலும் குளம்பிடையிலும் கொப்புளம் கண்டாலோ உடனே தனியே கட்டுங்கள். மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள், விற்காதீர்கள். அதைத் தொட்ட கையையும் காலணியையும் கழுவாமல் அண்டை வீட்டுக் கொட்டிலுக்குள் செல்லாதீர்கள். அன்றே கால்நடை மருத்துவ இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

சில வேளைகளில் மருத்துவர் கடுமையான முடிவெடுக்க நேரலாம். அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும், ஒரு வீட்டில் மறைத்த நோய் லயத்து மாடுகள் அனைத்தையும் பற்றினால், பால் வற்றுவதும் கன்றுகள் மடிவதும் எல்லார் வீட்டிலும் அன்றோ?

ஆய்வுக்கூடத்து அறிஞருக்குக் கண்ணாக இருப்பவர்கள், தினமும் மாட்டின் முகத்தைப் பார்க்கும் நீங்களே. கண்டதைச் சொல்லுங்கள்; காலத்தே சொல்லுங்கள்.