அணைக்கு அடி பலம்தான் பலம்

போன வாரம் ஜீயபுரம் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். வயதான விவசாயி ஒருவர் கேட்டார்: "ஏன் சார், மேட்டூரிலே கரண்டு எடுத்துட்டு விடற தண்ணியிலே சத்து இருக்குமா?" நம்மில் பலருக்கும் உள்ள சந்தேகம்தான் இது.

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. 1937-ல் அணையின் அடியில் மின் நிலையம் வேலை செய்ய ஆரம்பித்தது. மேலே தேங்கிய தண்ணீர் குழாய் வழியே வேகமாக இறங்கிச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஆற்றில் சேர்ந்துவிடுகிறது. அது விட்டுக்கொடுப்பது இறங்கும் வேகத்தை மட்டும்தான், சத்தை அல்ல. ஆனால் வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அது தண்ணீரைத் தேக்குவதால் வருவது, மின்சாரத்தால் அல்ல. அந்தக் குறையைத் தொழு உரமும் தழை உரமும் போட்டு நாம்தான் ஈடுகட்ட வேண்டும்.

அடுத்தபடியாக அவர் கேட்டது: "இவ்வளவு பழைய அணை தாங்குமா?"

மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. தன் எடையாலேயே தண்ணீரை எதிர்த்து நிற்கும் வகை அணை அது. பெருவெள்ளம் அணைக்கு மேலே ஏறாதபடி, பக்கத்தில் தனியாகப் பதினாறு கண் மதகு வைத்திருக்கிறார்கள். எந்தப் பெரிய அணையிலும் கொஞ்சம் கசிவு இருக்கும். அதை அளந்து குறித்துக்கொண்டே வருவார்கள். கசிவு திடீரென்று கூடினாலோ, கலங்கலாக வந்தாலோதான் கவலைப்பட வேண்டும். வயசு மட்டும் அணையைக் கெடுப்பதில்லை. கவனிக்காமல் விட்டால்தான் கெடும்.

இதற்குச் சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற முக்கொம்பில், 1836-ல் ஆர்தர் காட்டன் மேலணை கட்டினார். பள்ளமான கொள்ளிடத்துக்கே தண்ணீர் ஓடிவிடாமல், காவிரிக்கும் பங்கு கிடைக்கச் செய்த அணை அது. 2018 ஆகஸ்டில் நாட்கணக்கில் வெள்ளம் ஓடியது. 22-ந் தேதி இரவு, கொள்ளிடத்தின் 45 கண்களில் 9 கண்கள் இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதம் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. மேலணையில் முதலில் மணல் மூட்டை அடுக்கினார்கள். பிறகு சற்றுக் கீழே புதிய கதவணை கட்டினார்கள்.

ஆற்றிலே நிற்கிற எந்தக் கட்டுமானத்துக்கும் முதல் எதிரி அடி அரிப்புதான். படுகை மணல் குறைந்து ஆறு பள்ளமானால், ஓடுகிற தண்ணீர் அஸ்திவாரத்தையே பறிக்கும். பனைமரத்தின் வேரடி மண்ணைத் தோண்டிவிட்டால் மரம் எத்தனை நாள் நிற்கும், சொல்லுங்கள்!

ஆகவே நாம் செய்யவேண்டியவை சில உண்டு.

அணை, பாலம் பக்கத்தில் யாரும் மணல் அள்ள விடாதீர்கள். கரையில் பிளவு, கலங்கல் ஊற்று, மதகடியில் புதுப் பள்ளம் எதைக் கண்டாலும், அன்றைக்கே நீர்வளத் துறையாருக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ சொல்லிவிடுங்கள். 'நமக்கென்ன' என்று இருந்துவிடாதீர்கள்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பு வர இரண்டு மூன்று நாள் போல ஆகும். ஆறு நிரம்பி ஓடும்போது இன்னும் சீக்கிரம் வரும். நடுவில் பவானியும் அமராவதியும் வேறு சேரும். ஆகையால் பதினாறு கண் மதகு திறந்த சேதி காதில் விழுந்ததுமே, இணைப்பைத் துண்டித்துவிட்டு மோட்டாரை மேட்டுக்கு ஏற்றுங்கள். படுகையில் மாடு கட்டாதீர்கள். முற்றின வாழைத்தாரை வெட்டிக் கரை சேர்த்துவிடுங்கள். மழையே இல்லையே என்று ஆற்றில் இறங்கவும் வேண்டாம். வெள்ளத்துக்கு நம்மூர் மழை தேவையில்லை.

அணையைக் காப்பது அதிகாரிகளின் வேலை. அவர்களுக்குக் கண்ணாக இருக்க வேண்டியது கரையில் குடியிருக்கும் நாம்தான்.