கேட்கப் போன ஆறு பெண்கள்

(பெண்கள் ஞாயிறு அன்று, ஆராதனைக்குப் பின் சபை மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. வேலூரில் நர்சிங் படித்தேன். 2003-இல் லண்டன் வந்தேன். அன்றிலிருந்து என் பேச்செல்லாம் வார்டில்தான். "பெண்கள் ஞாயிறுக்கு நீ பேசும்மா" என்று ஐயரம்மா சொன்னபோது சர்க்கரை வியாதி, ரத்த அழுத்தம் என்று ஏதாவது பேசிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதைப் போன வருடமே பேசிவிட்டேன். அதற்குப் பிறகும் நம் ஐக்கிய விருந்தில் பிரியாணி ஒரு சட்டிகூடக் குறையவில்லை. ஆகவே இந்த முறை வேறு காரியம்.

பிள்ளைகளே, ஒரு கேள்வி. எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் ஐந்து அக்கா தங்கைகள் வருகிறார்கள். பெயர் தெரியுமா? மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். செலொப்பியாத்தின் குமாரத்திகள். அப்பா வனாந்தரத்தில் இறந்துபோனார். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. அன்றைய வழக்கப்படி இவர்களுக்கு நிலத்தில் பங்கு இல்லை. இவர்கள் வீட்டில் உட்கார்ந்து அழவில்லை. மோசேக்கும், ஆசாரியன் எலெயாசாருக்கும், பிரபுக்களுக்கும், சபையார் எல்லாருக்கும் முன்பாகப் போய் நின்று, எங்களுக்கும் பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். மோசேக்கு உடனே பதில் தெரியவில்லை. அவர் கர்த்தரிடத்தில் கொண்டுபோனார். இந்தப் பெண்கள் சொல்வது சரி என்று கர்த்தர் சொன்னார். அது அந்த ஐந்து பேருக்கு மட்டும் கிடைத்த சலுகையாக நிற்காமல் இஸ்ரவேல் முழுவதற்கும் பிரமாணமானது. (36ஆம் அதிகாரத்தில் அதற்கு ஒரு நிபந்தனையும் வந்தது. அதையும் வாசியுங்கள். சட்டம் என்பது ஒரே நாளில் முடிகிற காரியமில்லை.)

இப்போது நம் ஊருக்கு வருவோம். நாம் தினமும் நடக்கிற கிரீன் ஸ்ட்ரீட் ஒரு காலத்தில் எல்லைக்கோடு. ஒரு பக்கம் வெஸ்ட் ஹாம், மறுபக்கம் ஈஸ்ட் ஹாம். இரண்டும் தனித்தனி நகரங்கள். 1965-இல்தான் சேர்ந்து நியூஹாம் ஆனது. அந்த வெஸ்ட் ஹாமுக்கு 1936-இல் முதல் முறையாக ஒரு பெண் மேயர் வந்தார். பெயர் டெய்சி பார்சன்ஸ். கேனிங் டவுன்காரர். இன்று நான் சொல்ல வந்தது அவரைப் பற்றித்தான். மேயரான கதையை விட, அதற்கு 22 வருடத்துக்கு முன் அவர் பிரதமரிடம் போன கதைதான் எனக்குப் பெரிது.

அப்போது பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் என்ற அம்மையார் இங்கே கிழக்கு லண்டனில், போ பகுதியில், உழைக்கும் பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் நடத்தினார். போ எங்கே என்று தேட வேண்டாம். அப்டன் பார்க்கில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறினால் நாலாவது ஸ்டேஷன் போ ரோடு. சில்வியாவின் தாயும் அக்காவும் நடத்திய பெரிய இயக்கம் பணக்காரப் பெண்களையே அதிகம் நம்பியது. சில்வியா தொழிற்சாலைப் பெண்களை விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் 1914 ஜனவரியில் அந்தக் கிழக்கு லண்டன் சங்கம் தனியே பிரிய வேண்டியதாயிற்று.

பிரதமர் ஆஸ்க்வித் இந்தப் பெண்களைப் பார்க்க மறுத்தார். சில்வியா ஹாலோவே சிறைக்குள் உணவும் தண்ணீரும் மறுத்துக் கிடந்தார். தண்ணீர் இல்லாத உடம்பு நாளுக்கு நாள் எப்படிப் போகும் என்று நர்ஸாகிய எனக்குத் தெரியும். நாக்கு தடித்துவிடும், எழுந்து நின்றால் கண் இருட்டும். விடுதலையான அன்றே, 1914 ஜூன் 18-இல், அவரை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்ப் பாராளுமன்ற வாசலில் கிடத்தினார்கள். ஆறு பெண்களைச் சந்திக்கிறேன் என்று பிரதமரிடமிருந்து அன்று செய்தி வந்தது.

ஜூன் 20. ஆறு பெண்களும் டவுனிங் தெருவுக்குப் போனார்கள். சில்வியா போகவில்லை. தெருக்கூட்டங்களில் மக்களே தேர்ந்தெடுத்து அனுப்பிய பெண்கள் அவர்கள். படித்த சீமாட்டிகள் எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கவில்லை. அவரவர் வேலையையும் வீட்டையும் பற்றி அவரவர் வாயால் சொன்னார்கள். தலைமை ஜூலியா ஸ்கர். திருமதி சவோய் பிரஷ் செய்கிறவர். தான் செய்த பிரஷ்ஷையே கையோடு கொண்டுபோய்ப் பிரதமரிடம் காட்டினார். கடையில் நல்ல விலைக்குப் போகும் அந்தப் பிரஷ்ஷுக்கு அவர் கூலி சில பென்னிதான். திருமதி பெய்ன் தன் மகளைப் பற்றிச் சொன்னார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளை. அந்தப் பிள்ளை விஷயத்தில் அதிகாரிகள் தகப்பனைத்தான் கேட்டார்கள், பெற்று வளர்த்த தாயின் சொல்லுக்கு மதிப்பில்லை.

டெய்சி பார்சன்ஸுக்கு அப்போது இருபத்துநாலு வயதுதான் இருக்கும். சிகரெட் அடுக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே மதியம் சாப்பிட ஆண்களுக்கு இடம் உண்டு. பெண்கள் கழிவறையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதைப் பிரதமர் முகத்துக்கு நேரே சொன்னார்.

இதை முதல் முறை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணம் சொல்கிறேன். இதை என் வீட்டுக்காரருக்குத்தான் முதலில் சொன்னேன், இரண்டாவதாக உங்களுக்குச் சொல்கிறேன். என் இரண்டாவது பிள்ளை பிறந்து நான் வேலைக்குத் திரும்பின சமயம், பிள்ளைக்குப் பால் எடுத்து வைக்க வேறு இடமில்லாமல் ஊழியர் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். வெளியே யாராவது கதவைத் தட்டுவார்கள். அந்த அவசரத்தில் பால் வராது. இரண்டு மாதம் அப்படி. ஊரில் எத்தனை தாய்மாருக்குத் தாய்ப்பாலின் மேன்மையைப் பாடம் எடுத்தவள் நான்! மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரச்சினை பண்ணுகிறவள் என்று பெயர் வந்துவிடுமோ, விசா என்னாகுமோ என்ற பயம். கடைசியில் கேட்டது என்னோடு வேலை பார்த்த ஒரு கானா நாட்டு அக்கா. அவர்களுக்குக் கைக்குழந்தைகூட இல்லை. மூன்று தரம் நேரில் கேட்டார்கள், நாலாவது தரம் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு குளிர்பெட்டி கிடைத்தது. சட்டம் முன்பே எங்கள் பக்கம்தான் இருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. டெய்சி போய் நின்றபோது அவர் பக்கம் எந்தச் சட்டமும் இல்லை.

அன்று ஆஸ்க்வித் வாக்குரிமை கொடுத்துவிடவில்லை. முன்னைவிட மரியாதையாகப் பேசி அனுப்பினார், அவ்வளவே. ஆறு வாரத்தில் உலகப் போர் வந்துவிட்டது. விலைவாசி ஏறியது, குழந்தைகளுக்குப் பால் இல்லை. இந்தப் பெண்கள் உரிமைக் கோரிக்கையைக் கீழே வைக்கவுமில்லை, பசித்த வீடுகளைப் பார்த்துச் சும்மா இருக்கவுமில்லை. மலிவு விலை உணவகம் நடத்தினார்கள், பால் கொடுத்தார்கள். 1915-இல் பழைய மதுக்கடை ஒன்றை எடுத்து, குழந்தைகள் மருத்துவ நிலையமும் காப்பகமும் ஆக்கினார்கள். அந்தக் கடையின் பழைய பெயருக்குத் துப்பாக்கி செய்கிறவர்கள் என்று அர்த்தம் வரும். அதை மாற்றி 'மதர்ஸ் ஆர்ம்ஸ்', அதாவது தாய்மாரின் கரங்கள், என்று பலகை மாட்டினார்கள். ஒருகையால் கஞ்சி ஊற்றி, மறுகையால் மனு எழுதினார்கள். நம் சபைப் பெண்கள் முதல் கையில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் துக்கம் என்றாலும் மாலைக்குள் சாப்பாடு போய்விடும். இரண்டாவது கை விஷயத்தில்தான் நாம் தயங்குகிறோம்.

1918-இல் சட்டம் வந்தது, ஆனால் முப்பது வயது நிறைந்த, வீடு வாசல் சார்ந்த தகுதி உள்ள பெண்களுக்கு மட்டும். டெய்சிக்கு அப்போது முப்பது ஆகவில்லை! பிரதமரிடம் போய்க் கேட்டவருக்கே முதல் தேர்தலில் வாக்கு இல்லை. ஆண்களுக்குச் சமமாக 21 வயதில் வாக்குரிமை என்பது 1928-இல்தான் வந்தது.

நம் ஊரில் இதெல்லாம் எங்கே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அதே வருடம் டிசம்பரில், இந்தியாவுக்கான மந்திரி மாண்டேகு சென்னை வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் நேரில் போய் வாக்குரிமை கேட்டார்கள். லண்டன் நேராகக் கொடுக்கவில்லை, அந்தந்த மாகாணச் சட்டசபை முடிவு செய்யட்டும் என்று தள்ளிவிட்டது. சரி என்று பெண்கள் சட்டசபைகளின் வாசலுக்குப் போனார்கள். பிரிட்டிஷ் மாகாணங்களில் முதலாவதாக 1921-இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. சொத்துத் தகுதி இருந்ததால் அப்போது வாக்குப் போட முடிந்த பெண்கள் கொஞ்சம் பேர்தான்.

அந்தச் சென்னைச் சட்டசபைக்குள் போன முதல் பெண் ஒரு டாக்டர். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. அவரும் நம்மைப்போல மேற்படிப்புக்கு இங்கிலாந்து வந்து போனவர். 1927-இல் சட்டசபையின் துணைத் தலைவரானார். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று சபைக்குள் போராடினார். முழுத்தடைச் சட்டம் 1947-இல்தான் வந்தது. கணக்குப் போடுங்கள், இருபது வருடம். தன் தங்கையைப் புற்றுநோயில் இழந்தவர். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் எழும்பியது அவர் முயற்சியால். நம்மில் எத்தனை குடும்பம் அந்த வாசலில் காத்திருந்திருக்கிறது!

இது பழங்கதை மட்டுமில்லை. 2013-இல் பக்கத்து ஸ்ட்ராட்ஃபோர்டில், தங்கும் விடுதியில் இருந்த 29 இளம் தாய்மாருக்கு வெளியேறும்படி நோட்டீஸ் வந்தது. லண்டனுக்கு வெளியே தூர ஊர்களில் வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒவ்வொருவராக அழுதுகொண்டு போயிருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது. தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் ஸ்ட்ராட்ஃபோர்ட் பிராட்வேயில் மேஜை போட்டு நின்றார்கள். அவர்கள் செய்த எல்லாவற்றையும் நான் சரி என்று சொல்லமாட்டேன், உங்களில் பலரும் சொல்லமாட்டீர்கள். ஆனால் அவர்களில் அநேகருக்கு லண்டனிலேயே வீடு கிடைத்தது.

கடைசியாக ஒரு காரியம். இது உங்களுக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள், எனக்கே பதினோரு வருடம் தெரியாது. 2014-இல் ஒரு நாள் வார்டில், "யாருக்கு வாக்குப் போட்டாய்?" என்று ஒருத்தி கேட்டாள். "என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட்தானே" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள். இங்கே தங்க முறையான அனுமதியோடு வாழ்கிற, 18 வயது நிறைந்த காமன்வெல்த் குடிமக்கள் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேண்டியதில்லை. கவுன்சில் தேர்தல், லண்டன் மேயர் தேர்தல், பாராளுமன்றத் தேர்தல் எல்லாவற்றுக்கும். கேர் ஒர்க்கர் விசாவில் வந்திருக்கிற தங்கச்சிமாரே, மாணவர் விசாவில் இருக்கிற தம்பிமாரே, உங்களுக்கும்தான். யாருக்குப் போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், போதகர் ஐயாவும் சொல்லமாட்டார். அது உங்களுக்கும் உங்கள் மனச்சாட்சிக்கும் இடையே. ஆனால் நம் வீட்டுச் சுவரில் பூஞ்சை பிடித்துப் பிள்ளை இருமுகிறது என்றால், அதைச் சொல்லக் கவுன்சிலரிடம் போகும்போது, வாக்காளராகப் போவது வேறு மாதிரி இருக்கும்.

நம் சபையில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று போன மாதம் பெண்கள் ஐக்கியத்தில் கேட்டேன். முப்பத்தொரு பேர் இருந்தோம். ஒன்பது கை எழுந்தது. அதில் இரண்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துவிட்டு எழுந்தது.

சாப்பாடு முடிந்ததும் சமையலறை வாசலுக்குப் பக்கத்து மேஜையில் என் லேப்டாப்போடு இருப்பேன். பதிவதற்கு ஐந்து நிமிடம் போதும். நேஷனல் இன்சூரன்ஸ் எண், பிறந்த தேதி, விலாசம் தெரிந்தால் சரி. வாக்குச்சாவடிக்குப் போகும்போது படமுள்ள அடையாளம் வேண்டும். நம் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டே அதற்குப் போதும். பிள்ளைகளே, உங்களுக்கு இன்னும் வயது வரவில்லை. ஆனால் அம்மாவின் இன்சூரன்ஸ் எண் எந்த டப்பாவில் இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும், போய் எடுத்து வாருங்கள். ஐந்து அக்கா தங்கைகளின் பெயரையும் பார்க்காமல் சொல்கிறவர்களுக்கு அந்த மேஜையில் சாக்லேட்டும் இருக்கிறது.