படுத்துக் கிடப்பது சோம்பலல்ல



"நாய்க்கு வயதாகிவிட்டது, வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்" என்றார் எனக்கு முன் பேசிய நண்பர். அது படுத்தே கிடப்பதற்குப் பல சமயம் மூட்டுவலிதான் காரணம். நம் வீவக வீடுகளில் தரையெல்லாம் வழவழப்பான ஓடு. ஒருமுறை பின்னங்கால் வழுக்கி விழுந்த நாய், தண்ணீர்க் கிண்ணம்வரை நடக்கவே பயப்படும். அந்த வழியில் ரப்பர் விரிப்புப் போடுங்கள்; நகத்தையும் வெட்டிவிடுங்கள். மருத்துவரைக் கேட்காமல் பனடோல் மட்டும் கொடுக்காதீர்கள். நாயின் கல்லீரலுக்கு அது நஞ்சாகலாம்.

கண் மங்கிய நாய் மோப்பத்தையும் பழக்கத்தையும் வைத்தே வீட்டுக்குள் நடமாடுகிறது. தீபாவளிக்குக்கூட சோபாவை இடம் மாற்றாதீர்கள். நண்பரே, பதின்மூன்று வயதில் அது எந்தப் புது வீட்டைப் பழகிக்கொள்ளும்?