குடலின் காவலும் குடிமராமத்தும்

(தென்காசியில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் நீராடி வந்தோர் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். அருவி நம் மேனிக்குச் செய்யும் இன்பத்தை யாவரும் அறிவோம். நீராடுங்கால் வாய்வழியே உட்செல்லும் ஒரு மிடறு நீரை உள்ளே எதிர்கொள்வது எது என்பதைச் சிறிது சிந்திப்போமாக.

குடலின் உட்புறத்தை மூடியிருப்பது ஒரே வரிசையாயமைந்த உயிரணுப் படலம். சத்தை உள்ளே விடவும் கிருமியைப் புறத்தே நிறுத்தவும் கடமைப்பட்ட அவ்வரண் மயிரிழையினும் மெல்லியது. அதன் குழிகளிலுள்ள மூல அணுக்கள் புதிய அணுக்களை ஈன்றவண்ணமிருத்தலால், 3 முதல் 5 நாட்களுக்குள் படலம் பெரும்பாலும் புதிதாகின்றது.

இதற்குத் துணைநிற்பவை வெள்ளணு இனத்துக் காவலணுக்கள். அந்நியப் பொருளை விழுங்கும் அணுக்களை ருஷ்ய அறிஞர் மெச்னிகாவ் 1882-இல் கண்டார். 1908-இல் நோபெல் பரிசு பெற்றார். நெடுங்காலம் அவற்றைப் போர்வீரராகவே கருதினர். அவை கொத்தருமாவர் என்பது பிற்கால ஆராய்ச்சியின் முடிபு. விழுங்கணுக்கள் இறந்த அணுக்களை அரவமின்றி அகற்றுகின்றன. மற்றொரு வகையணுக்கள் இன்டர்லூகின்-22 என்னும் பொருளைச் சுரந்து, காயமுற்றவிடத்தில் மூல அணுக்களைப் பெருகத் தூண்டுகின்றன. நம் முன்னோர் சிற்றாற்றுக் குளக்கரைகளைத் தாமே காத்துத் தாமே செப்பனிட்ட குடிமராமத்தை இஃது ஒக்கும்.

ஆயின், வெள்ளம் ஓயாது மோதினால் கரை என் செய்யும்? வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பேக்கர், டாக்டர் மாத்தன் முதலியோர் 1960-களிலும் 1970-களிலும் ஆராய்ந்து, நோயற்றவராய்த் தோன்றும் நம் நாட்டார் குடலிலும் சத்தை ஈர்க்கும் விரல்போன்ற உறிஞ்சிகள் குறுகியிருத்தலைக் கண்டனர். அசுத்த நீராலும் உணவாலும் கிருமிகள் இடைவிடாது புகுமிடத்துக் காவலரின் போரே அரணைச் சிதைக்கின்றது. அந்நிலையில் உண்ட சோறு உடம்பில் ஒட்டாது. குழந்தையின் வளர்ச்சி குன்றும்.

தாய்மார்களே! பேதி கண்ட குழந்தைக்கு ஆகாரத்தை நிறுத்தும் வழக்கம் இன்றும் சில இல்லங்களில் உண்டு. அது பெரும்பிழை. கரை கட்டும் அணுக்களுக்கு உணவே செங்கலும் சுண்ணாம்பும். உப்பு சர்க்கரைக் கரைசலும், மருத்துவர் கூறும் துத்தநாக மருந்தும், தாய்ப்பாலும் தவறாது கொடுமின். தாய்ப்பாலில் கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளும் உண்டு. பேதி விளைக்கும் ரோட்டா கிருமிக்குரிய தடுப்பு மருந்து 2016 முதல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாக அளிக்கப்பட்டு வருகின்றது.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம் திருமண விருந்திலும் விழாப் பந்தியிலும் காய்ச்சி ஆறிய நீரையே வழங்குவதென இன்றே தீர்மானிப்போமாக. உள்ளிருக்கும் கொத்தர் அல்லும் பகலும் உழைக்கின்றனர். அவர் கட்டியதை நாம் இடியாதிருத்தல் வேண்டும்.