இளம் விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி நாட்டம்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



சர்வகலாசாலையில் விஞ்ஞானம் பயிலும் எம்மை ஊரிலே கண்டவர் கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி, இதைப் படித்து முடித்தால் என்ன உத்தியோகம்?" கேள்வி நியாயமானதே, வீட்டு நிலை எமக்கும் தெரியும். ஆயினும், "நீ எதை அறிய விரும்புகிறாய்?" என்று கேட்பாரைக் காண்பது அரிது. எம் வயதினர் சிலர் எதை அறிய விரும்பினர் என்பதையே இன்று சொல்ல விழைகின்றோம்.

1856ஆம் ஆண்டு இலண்டனில் இரசாயன மாணவனாயிருந்த வில்லியம் பேர்க்கினுக்கு வயது 18. ஈஸ்டர் விடுமுறையில், வீட்டிலிருந்த சிறு ஆய்வுகூடத்தில், மலேரியாச் சுரத்துக்கு மருந்தாகிய கொயினாவைச் செயற்கையாக ஆக்க முயன்றான். (1934, 35இல் அச்சுரம் இலங்கையை வாட்டிய கதை கேட்டோர்க்கு அம்மருந்தின் அருமை விளங்கும்.) கிடைத்ததோ கரிய வண்டல். கழுவி எறிந்திருக்கலாம், எறியவில்லை. அது மதுசாரத்தில் ஊதா நிறமாய்க் கரைவதைக் கண்டு பட்டிலே தோய்த்துப் பார்த்தான். செயற்கைச் சாயத் தொழில் அங்கே பிறந்தது.

உயிரியலில் ஜேம்ஸ் வாட்சனை யாவரும் அறிவர். மாணவப் பருவத்திலே பறவைகளை நாடிய அவர், 1953இல் பிரான்சிஸ் கிறிக்குடன் டி.என்.ஏ.யின் அமைப்பை வெளியிட்டபோது வயது 25. அதற்குத் துணைநின்ற எக்ஸ்-கதிர்ப் படத்தை 1952இல் எடுத்தவர் றொசலின்ட் பிராங்கிளினின் கீழ் ஆராய்ந்த மாணவர் றேமண்ட் கொஸ்லிங். இப்பெயரை எம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்?

பௌதிகத்துக்கு வருவோம். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயதுத் தமிழ் இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், எரிபொருள் தீர்ந்து சுருங்கும் விண்மீன் எவ்வளவு நிறைவரை தாங்கி நிற்கும் என்று பயணத்திலேயே கணிக்கத் தொடங்கினார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கே எல்லை. 1935இல் எடிங்டன் என்னும் பேரறிஞர் அதைச் சபையிலே எள்ளினார். நோபல் பரிசு வந்தது 1983இல்!

அவ்வெல்லையைக் கடந்த விண்மீனின் கதி என்ன? விடையின் ஒரு பகுதி 1967இல் கேம்பிறிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாயிருந்த ஜொசலின் பெல் கையில் அகப்பட்டது. நாலரை ஏக்கரில் வானொலித் தொலைநோக்கியை நிறுவும் வேலையில் தாமும் சம்மட்டி பிடித்தவர் அவர். அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 அடிக் கடதாசியில் கோடு கீறித் தள்ளும். அத்தனையையும் கண்ணாலே பார்த்துவந்தார். கால் அங்குல அளவில் ஒரு கிறுக்கல் மட்டும் எதனோடும் பொருந்தவில்லை. மனிதர் உண்டாக்கிய இடையூறாகலாம் என்றார் ஆசிரியர். பெல் விடவில்லை. 1.33 செக்கனுக்கு ஒருமுறை தவறாது வந்த அத்துடிப்பு, சுழலும் நியூத்திரன் விண்மீனுடையது.

1974இல் அக்கண்டுபிடிப்புக்கான நோபல் பரிசு ஆசிரியருக்குச் சென்றது, மாணவிக்கு இல்லை. எமக்கு அது முறையாகத் தோன்றவில்லை. அவரோ மனங்கசக்கவில்லை. 2018இல் வேறொரு பரிசாய்க் கிடைத்த 30 இலட்சம் டொலரை, பெண்களும் அகதிகளும் உட்பட வாய்ப்புக் குறைந்த பௌதிக ஆராய்ச்சி மாணவர்க்கே கொடுத்துவிட்டார்.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். பரீட்சைப் புள்ளிக்குப் பரிசளிக்கும் எம் சங்கம், தானாகவே ஒன்றை ஆராய்ந்து வரும் பிள்ளைக்கும் ஒரு பரிசை ஒதுக்குதல் வேண்டும். தன் வீட்டுக் கிணற்று நீரின் உவர்ப்பு மாதத்துக்கு மாதம் எவ்வாறு மாறுகின்றதென அளந்து எழுதினாலும் போதும். அடுத்த ஆண்டு விழாவிலேயே தொடங்கலாம்.